விரியத் தெரியாத தசை

பிரேசர் டவுன்
14 ஜூன் 2025

ஆஞ்சலா,

உன் எண்ணை பிளாக் செய்திருக்கிறேன். வேறு நம்பரிலிருந்து கூப்பிடாதே, எடுக்கமாட்டேன். நாளைக்குச் சர்ச்சில் பூசை முடிந்ததும் மம்மி வழக்கம்போல உன் ஹாஸ்டலுக்குச் சாப்பாடு கொண்டுவருவார்கள். இந்தக் கடிதம் அந்தப் பையில் இருக்கும். போனில் பேசினால் நான் கத்துவேன். கத்தக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதனால் எழுதுகிறேன்.

ஸ்கூல் திறந்த அன்றே ஃபாதர் கிளெமென்ட் என்னைப் பிரின்சிபால் ரூமுக்குக் கூப்பிட்டார். "டெரிக், உன் ஹார்ட் ரிப்போர்ட் பத்தி கேள்விப்பட்டேன். இனிமே கிரவுண்ட்ல இறங்க வேணாம்ப்பா. வீட்ல ரெஸ்ட் எடு" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். "உன் நல்லத நினைக்கிறவங்க" என்றார். வீட்டுக்கு வெளியே அந்த ரிப்போர்ட்டை நான் உனக்கு மட்டும்தான் அனுப்பினேன். இதற்கு மேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கோடை விடுமுறை கேம்பில் பிள்ளைகளோடு ஓடும்போது விழுந்தேன், உண்மைதான். அதற்காகப் பன்னிரண்டு வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவனை ஒரே பேச்சில் வீட்டுக்கு அனுப்புவார்களா? இரண்டு மாதம் மெல்ல மெல்ல நடந்து, மருந்து சாப்பிட்டு, நானே சொல்லியிருப்பேன். எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்பதையாவது என்னிடம் விட்டிருக்கலாம்.

போன கிறிஸ்துமஸுக்கு நீ சாப்பாட்டு மேசையில் சொன்னது நினைவிருக்கிறதா? கண்ணாடித் தட்டில் இதயச் செல்களை வளர்க்கிறேன், அது தானாகத் துடிக்கும், ஒரு சொட்டு ரசாயனம் விட்டால் நின்றுவிடும் என்றாய். அத்தை சொல்வதைக் கேட்டு சோஃபியா கைதட்டினாள். இப்போது என்னை அந்தத் தட்டில் வைத்திருக்கிறாய்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இத்தனை வருஷமாக இதயத் தசையைப் படிக்கிறாய். டாடி நாற்பத்தொரு வயதில் எதனால் செத்தார் என்று ஒரு நாளாவது யோசித்தாயா?

டெரிக்


பெல்லாரி ரோடு
22 ஜூன் 2025

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தில் பாதிப் பக்கம் மீன் குழம்பு எண்ணெய். இருந்தாலும் எல்லாம் படிக்க முடிந்தது.

ஃபாதர் கிளெமென்ட் விஷயத்தில் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. கோபப்பட வேண்டுமென்றால் என்மேல் கோபப்படு. நான் தூரத்தில் இருக்கிறேன், தாங்கிக்கொள்வேன்.

டாடி பற்றிக் கேட்டாய். நம் மாதா கோயில் திருவிழாவில் கயிறு இழுக்கும் போட்டியில் அவர் விழுந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஹார்ட் அட்டாக் என்றார்கள். அதையே சொல்லி வளர்ந்தோம். நான் இந்த லேபில் சேர்ந்தபிறகும் அது முடிந்துபோன விஷயமாகவே இருந்தது. உன் ரிப்போர்ட்டைப் பார்த்த அன்றுதான் டாடியும் இதனால்தான் போயிருப்பார் என்று தோன்றியது. அன்று என்னால் வேலை செய்ய முடியவில்லை.

டாக்டர் சீனிவாசராகவன் உன்னிடம் அவசரமாகப் பேசியிருப்பார். நான் நிதானமாக எழுதுகிறேன். இதயத் தசைக்குள் மெல்லிய இழை, தடித்த இழை என்று இரண்டு வகை இருக்கின்றன. தடித்த இழை மயோசின் என்ற புரதம். அதில் நிறைய சிறு தலைகள் இருக்கும். அவை மெல்லிய இழையைப் பிடித்து இழுக்கும், விடும், மறுபடி பிடித்து இழுக்கும். எல்லாம் சேர்ந்து இழுக்கும்போது தசை சுருங்கும். விடும்போது விரியும். வேறு உவமை தேடினேன், கிடைக்கவில்லை. கயிறு இழுப்பதுபோலத்தான்.

உன் இதயம் பலவீனமான இதயம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படியில்லை. ஓய்வாக இருக்க வேண்டிய தலைகளும் சேர்ந்து இழுக்கின்றன. அளவுக்கு மேல் சுருங்குகிறது, சரியாக விரிவதில்லை. அதனால் சுவர் தடித்து, உள்ளே ரத்தம் நிறைய இடமில்லாமல் போகிறது. ஓடும்போது வெளியே போகும் வழியும் அடைபடுகிறது.

டாக்டர் சொல்லும் புதிய மாத்திரை மயோசினைத் தடுக்கிற மருந்து. அந்தத் தலைகளில் சிலவற்றை ஓய்வுக்கு அனுப்பும். தயவுசெய்து அதை ஆரம்பி. என்மேல் இருக்கும் கோபத்தை மாத்திரைமேல் காட்டாதே.

ஆஞ்சி


பிரேசர் டவுன்
12 ஜூலை 2025

ஆஞ்சலா,

உன் பாடம் புரிந்தது. உன் அண்ணி மௌரீனும் படித்தாள். அவள் ஆபீஸுக்குப் போகும்முன் அதை ஃபிரிட்ஜ்மேல் வைத்துவிட்டுப் போனாள், நான் மறுபடி படிக்க வேண்டுமாம்.

இங்கே எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நம் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்பது உனக்குத் தெரியும். முன்பெல்லாம் அது எனக்கே தெரியாது. இப்போது ஒரு மாடி இறங்கினால் மறுபடி ஏற வேண்டுமே என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிடுகிறேன். காலையில் சோஃபியா யூனிஃபார்மில் இறங்கிப் போவதை பால்கனியிலிருந்து பார்க்கிறேன். அப்புறம் சாயங்காலம்வரை மம்மியும் நானும்தான். நான் எழுந்தால் அவர்கள் எழுகிறார்கள். தண்ணீர் எடுக்கப் போனால் "நான் தரேன், நீ உக்காரு" என்கிறார்கள். இருமினால் சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோகிறது.

போன வாரம் குளிக்கும்போது தலை சுற்றி விழுந்தேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன். மம்மி தட்டுவது கேட்கிறது, என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கீழ்வீட்டு ரஹீம் பாய் வந்து தோளால் மோதிக் கதவை உடைத்தார். ஈரத் துண்டோடு என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டார். நல்ல மனுஷன், வெளியே யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அந்தக் கதவில் தாழ்ப்பாள் கிடையாது. நான் குளித்து முடிக்கும்வரை மம்மி வெளியே நாற்காலி போட்டு ஜெபமாலை சொல்கிறார்கள். முப்பத்திநாலு வயசு எனக்கு.

இந்த லட்சணத்தில் நீ இதயத்தின் பலத்தைக் குறைக்க மாத்திரை சாப்பிடு என்கிறாய். டாக்டரும் மறைக்கவில்லை. "ஓவரா குறைஞ்சிடவும் சான்ஸ் இருக்கு, அதனாலதான் அடிக்கடி எக்கோ எடுப்போம்" என்றார். ஏற்கனவே பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறேன். இன்னொரு பூட்டை நானே விழுங்க வேண்டுமா?

ஒன்று மட்டும் நேர்மையாகச் சொல். நீ தட்டில் நிறுத்துகிறாயே, அந்தச் செல்கள். ரசாயனத்தை எடுத்துவிட்டால் திரும்பத் துடிக்கிறதா, இல்லை அவ்வளவுதானா?

டெரிக்


பெல்லாரி ரோடு
20 ஜூலை 2025

அன்புள்ள அண்ணா,

குளியலறை விஷயத்தை மம்மி என்னிடம் சொல்லவேயில்லை. போன ஞாயிறு வந்து, சாப்பாட்டைக் கொடுத்து, என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான்.

நீ கேட்டதற்கு உண்மையான பதில்: திரும்பத் துடிக்கும். ஆனால் எதைக் கொடுத்தோம், எவ்வளவு நேரம் விட்டோம் என்பதைப் பொறுத்தது.

வியாழக்கிழமை உனக்காகவே மறுபடி செய்து பார்த்தேன். நாங்கள் பயன்படுத்தும் மயோசின் தடுப்பான்மேல் நீல வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். அதனால் அறை விளக்கை அணைத்துவிட்டு, சிவப்பு விளக்கில் வேலை செய்வோம். சொட்டு விட்டதும் துடிப்பு மெதுவாகி நின்றது. ஆனால் செல்கள் குலையவில்லை, அண்ணா. உள்ளே வரிவரியான கோடுகள் அப்படியே இருந்தன. இழுக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு மருந்தைக் கழுவி எடுத்துப் புதுத் திரவம் ஊற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் ஓரத்தில் ஒரே ஒரு செல் அசைந்தது. அப்புறம் பக்கத்தில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தட்டு முழுக்கத் துடித்தது.

இன்னொரு ரசாயனமும் இருக்கிறது. அது தலைகளைத் தொடாது, அவை பிடித்து இழுக்கிற மெல்லிய இழையையே கரைத்துவிடும். அதைக் கொடுத்தால் செல் தன் உருவத்தையே விட்டுவிடும். நீண்டு கிடந்தது சுருண்டு உருண்டையாகும். கழுவினாலும் சில செல்கள் பழைய வரிசைக்கு வருவதில்லை. உனக்குத் தரப்போவது அந்த வகை இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். உன் மாத்திரை தசையின் கட்டமைப்பைப் பெயர்க்காது, இழுப்பை மட்டும் குறைக்கும். அளவு மிஞ்சினால் நிறுத்துவார்கள், சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்கு வரும். தட்டில் பார்ப்பதும் மனித உடம்பும் ஒன்றல்ல, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

உன் ரத்தப் பரிசோதனையில் மரபணு மாற்றம் உறுதியாகியிருக்கிறது என்று மௌரீன் மெசேஜ் அனுப்பினாள். அப்படியென்றால் சோஃபியாவுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவளையும் பரிசோதிக்க வேண்டும். அவள் ஓடுகிற பிள்ளை. தள்ளிப்போடாதே.

ஆஞ்சி


பிரேசர் டவுன்
23 ஆகஸ்ட் 2025

ஆஞ்சி,

மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. எக்கோ எடுத்த பையன் "பரவால்லா சார்" என்று கன்னடத்தில் சொன்னான். அதைக் கேட்டு மம்மி ஆஸ்பத்திரியிலேயே அழுதார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். செவ்வாய்க்கிழமை ஃபாதர் கிளெமென்ட் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பேச்சுவாக்கில், "உன் தங்கச்சிமேல கோவமா இருக்கியாமே, ஏன்? அன்னிக்கு வந்து சொன்னது உங்க மம்மிதானே" என்றார். சமையலறையில் மம்மி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கத்திச் சத்தம் நிற்கவேயில்லை.

ஃபாதர் போனபிறகு போய்க் கேட்டேன். அவர்கள் என்னைப் பார்க்காமலே சொன்னார்கள்: "உங்க டாடி அன்னிக்குக் காலைலயே நெஞ்சு ஒருமாதிரி இருக்குதுன்னார். நான்தான் சும்மா போய் விளையாடுங்க, எல்லாரும் கூப்பிடறாங்கன்னு அனுப்பினேன். உன்னையும் நான் அனுப்பணுமா?"

அந்த பீன்ஸை வாங்கி மீதியை நான் நறுக்கினேன்.

நீ ஏன் சும்மா இருந்தாய்? "நான் இல்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே. இந்த மூன்று மாதம் உன்னைப் பற்றி இந்த வீட்டில் நான் பேசியதெல்லாம் உனக்குத் தெரிந்தால் நீ என் முகத்திலேயே விழிக்கமாட்டாய்.

இன்னொன்று. சோஃபியாவைப் பரிசோதிக்கச் சொல்கிறாய். உன்னைப் பரிசோதித்தாயா? மம்மியிடம் கேட்டேன், "அவகிட்ட கேட்டா பேச்ச மாத்தறா" என்றார்கள். எனக்குப் பாதிக்குப் பாதி, சோஃபியாவுக்குப் பாதிக்குப் பாதி, உனக்கு மட்டும் கணக்கு வேறா? நீ டாடியின் பிள்ளை இல்லையா? நீ செய்துகொள்ளும்வரை என் மகள் கையில் ஊசி குத்த நான் விடமாட்டேன்.

டெரிக்


பெல்லாரி ரோடு
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணா,

ஏன் சொல்லவில்லை என்றால், நீ மம்மியோடு ஒரே வீட்டில் அடைந்து கிடக்கிறாய். அவர்கள் சமைத்ததைத்தான் சாப்பிட வேண்டும். அவர்கள் காவலில்தான் குளிக்க வேண்டும். அந்தக் கோபம் அந்தச் சுவர்களுக்குள்ளேயே இருந்திருந்தால் உங்கள் இரண்டு பேருக்கும் போக்கிடம் இருந்திருக்காது. என்மேல் இருந்தால் ஒரு பஸ் தூரம் தள்ளி இருக்கும். இதைப் பெரிய தியாகமாக நினைக்காதே. உன் கடிதம் வந்தால் போதும் என்று இருந்தேன். திட்டி எழுதினாலும் சரிதான்.

உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத இந்த வாரம் முழுக்க உட்கார்ந்து எழுந்தேன்.

பயம், அண்ணா. வேறு காரணம் இல்லை. நான் தினமும் காலையில் கேம்பஸைச் சுற்றி ஓடுகிறேன். ஜன்னல் இல்லாத அறையில் மைக்ராஸ்கோப்பைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த ஓட்டம்தான் நாளில் ஒரே வெளிச்சம். சோஃபியா ஓடுகிற பிள்ளை, தள்ளிப்போடாதே என்று உனக்கு எழுதிவிட்டு மறுநாள் காலையில் நான் ஓடினேன். தெரியாதவரை ஓடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓடும்போது கொஞ்சம் படபடப்பு வந்தால் தூக்கம் போதவில்லை என்பேன். மற்றவர்களுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்கிற ஆள்தான் நான்.

ஜெர்மனியில் ஒரு லேபிலிருந்து வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். எதற்கு? அங்கேயும் இதே ரத்தம்தான்.

நீ சொன்னது நியாயம். செவ்வாய்க்கிழமை டாக்டர் சீனிவாசராகவனிடமே போய் ரத்தம் கொடுக்கிறேன். எக்கோவும் எடுக்கச் சொல்லியிருக்கிறார். மம்மியிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

ஆஞ்சி


பெல்லாரி ரோடு
28 செப்டம்பர் 2025

அண்ணா,

இருக்கிறது. உனக்கு இருக்கிற அதே மாற்றம், அதே இடத்தில்.

சுவர் தடிக்க ஆரம்பித்திருக்கிறது. உன் அளவுக்கு இல்லை, அடைப்பும் இல்லை, மாத்திரை இப்போது வேண்டாம் என்றார் டாக்டர். வேகமாக ஓடுவதை மட்டும் நிறுத்தச் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் சொல்ல வந்ததையெல்லாம் அவருக்கு முன்பே நான் மனசுக்குள் சொல்லி முடித்துவிட்டேன். அதனால் அழுகை வரவில்லை.

மறுநாள் லேபுக்குப் போய் வழக்கம்போல செல்களுக்குத் திரவம் மாற்றினேன். அவை துடித்துக்கொண்டிருந்தன. முதல் தடவையாக என்னால் பார்க்க முடியவில்லை. மூடியைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். காலையில் ஓடுகிற நேரத்துக்கு இன்னும் விழிப்பு வருகிறது. எழுந்து ஷூ போட்டுக்கொள்கிறேன், அப்புறம் ஞாபகம் வருகிறது.

மம்மியிடம் நீ சொல். என்னால் முடியாது.

ஆஞ்சி


பிரேசர் டவுன்
11 அக்டோபர் 2025

அன்புள்ள ஆஞ்சி,

உன் கடிதம் வந்த அன்றே உன் நம்பரை அன்பிளாக் செய்துவிட்டேன். கூப்பிட்டு மூன்று தடவை கட் செய்ததும் நான்தான். எழுத்தில்தான் நமக்குப் பேச வருகிறது போலிருக்கிறது.

மம்மியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் டாடி படத்துக்கு முன்னால் நின்றார்கள். அப்புறம், "நாளைக்கு அவளுக்கு என்ன பிடிக்கும், கோழியா மீனா?" என்று கேட்டார்கள்.

நான் உன்னை மிரட்டித்தான் போகவைத்தேன். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. நீ தெரியாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. மௌரீன் திட்டினாள்: "தெரியாம ஓடி ரோட்ல விழுந்திருந்தா நல்லா இருந்திருக்குமா?"

உடம்பு தேவலை. முதல் முறையாக மாடி இறங்கி, கோல்ஸ் ரோடு முனைவரை நடந்துவிட்டு, நடுவில் நிற்காமல் ஏறினேன். டாக்டர் எக்கோ பார்த்து, அடைப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது என்றார். ஆனால் மைதானம் கிடையாதாம், எப்போதுமே. ஃபாதர் கிளெமென்ட் லைப்ரரியில் உட்கார இடம் தருகிறேன் என்கிறார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கிரவுண்ட். வேறு ஒருவன் விசில் ஊதுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும். சரி என்றிருக்கிறேன். வீட்டுக்குள் இருப்பதைவிட மேல்.

சோஃபியாவைப் போன வாரம் கூட்டிக்கொண்டு போனோம். சும்மா ஊசி என்று சொல்லிக் கூட்டிப்போகலாம் என்றாள் மௌரீன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டோவில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கும் இருந்தா டீம்ல சேர்த்துக்க மாட்டாங்களா டாடி?" என்று கேட்டாள்.

"அநேகமா மாட்டாங்க" என்றேன்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சிக்னலில் நின்றபோது பார்த்தேன், சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். ஊசி குத்தும்போது அழவில்லை.

டெரிக்


பிரேசர் டவுன்
1 நவம்பர் 2025

ஆஞ்சி,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துவிட்டேன்.

சோஃபியாவுக்கு இல்லை.

நேற்று டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். மௌரீன் தரையிலேயே முட்டி போட்டுவிட்டாள். நான் சந்தோஷத்தில் கத்தப்போனேன், பாதியில் நின்றுவிட்டது. உன் முகம் வந்தது. மம்மியும் அதைத்தான் நினைத்திருப்பார்கள் போல. "ஆஞ்சிகிட்ட இப்ப சொல்லாத, அவளா கேட்டா பாத்துக்கலாம்" என்றார்கள். இந்த வீட்டில் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் வைத்திருந்ததெல்லாம் போதும். அதனால் எழுதுகிறேன். நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்பதையும் எழுதுகிறேன். நீ கோபித்துக்கொண்டாலும் எனக்குப் புரியும்.

வருகிற சனிக்கிழமை அவள் ஸ்கூலில் ஸ்போர்ட்ஸ் டே. ரிலேயில் கடைசி ஓட்டம் அவளுடையது.

டெரிக்


பெல்லாரி ரோடு
2 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

மம்மி இன்னும் கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பதில் வாங்கிக்கொண்டுதான் போவேன் என்கிறார்கள். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

இன்று பையைக் கொடுக்கும்போது மம்மி என் முகத்தைப் பார்க்கவில்லை. பிரிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. சோஃபியாவுக்கு இருந்திருந்தால் மம்மி என்னைக் கட்டிப்பிடித்திருப்பார்கள்.

கோபம் இல்லை. உன்னிடம் எதையும் மறைக்கக்கூடாது என்பதால் சொல்கிறேன், ஒரு நிமிஷம் பொறாமை வந்தது. பத்து வயசுப் பிள்ளைமேல். ரூம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவள் ஆட்டோவில் சத்தமில்லாமல் அழுததாக நீ எழுதியது ஞாபகம் வந்தது. இனி அவள் அதற்காக அழ வேண்டியதில்லை என்று நினைத்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வராதது எல்லாம் சேர்ந்து வந்தது.

ஜெர்மனிக்கு வருகிறேன் என்று நேற்று எழுதிவிட்டேன். மார்ச்சில் போக வேண்டும். அங்கேயும் டாக்டர் இருப்பார், எக்கோ இருக்கும்.

சனிக்கிழமை வருகிறேன். மைதானக் கோட்டுக்கு வெளியே உன் பக்கத்தில் எனக்கும் ஒரு இடம் பிடித்து வை. நம் இரண்டு பேருக்கும் அதுதான் இடம். பேட்டன் கைக்கு வந்ததும் நம்மைத் திரும்பிப் பார்க்காமல் ஓடச் சொல்.

ஆஞ்சி